நைட்டுக்கு நிலம் கிடைத்துவிட்டது, அப்புறம்? டேபிள்டாப் கேமில் பண்ணை நிர்வாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் இது. அதில் உங்கள் கேரக்டர் ஒரு நைட் (குதிரையேறிப் போரிடும் வீரர்), ராஜாவுக்காகப் போரிட்டு ஒரு கிராமத்தைப் பரிசாக வாங்கியிருக்கிறார். மேஜையைச் சுற்றி எல்லோரும் கைதட்டியாயிற்று. உடனே ஒருவர் கேட்பார்: "வருஷத்துக்கு எவ்வளவு வரும்?" பல கேம்கள் நொண்ட ஆரம்பிக்கும் இடம் இதுதான். சில வருடங்களாக கேம் மாஸ்டராக (கதையையும் விதிகளையும் நடத்துபவராக) உட்கார்ந்து, சொதப்பி, திருத்தி வைத்திருக்கும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். எங்கள் ஆட்டம் நடப்பது 1300-ஐ ஒட்டிய இங்கிலாந்தில். அந்தக் காலத்துப் பண்ணைக் கணக்குச் சுருள்கள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வின்செஸ்டர் பிஷப்பின் பண்ணைகளுக்கு 1208-09-லிருந்தே கணக்கு இருக்கிறது. அதனால் எதையும் ஊகித்து ஓட்ட வேண்டியதில்லை.

இதற்கென்று தனி கேம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். 1974-இல் வந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே சண்டைக்காரர் 9-ஆம் நிலைக்கு வந்தால் கோட்டை கட்டி வரி வசூலிக்கலாம் என்று இருந்தது. ஆனால் 9-ஆம் நிலை வரை தாக்குப்பிடிக்கும் கேம்கள் எத்தனை? இந்த விஷயத்தை ஆட்டத்தின் நடுவிலேயே கொண்டுவந்து வைத்தது கிரெக் ஸ்டாஃபோர்ட் வடிவமைத்த பென்ட்ராகன் (1985). அதில் பொதுவாக வருஷத்துக்கு ஒரு சாகசம். பனிக்காலம் வந்ததும் நைட் வீட்டுக்குத் திரும்புவார். பண்ணை எப்படி, குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா, வயது 35 தாண்டியிருந்தால் உடம்பு தேய்ந்ததா என்று வரிசையாகப் பகடை உருட்டி அந்த வருஷத்தை மூடுவார்கள். நான் இந்த அமைப்பை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன். கீழே வரும் எண்கள் எல்லாம் எங்கள் மேஜையின் சொந்த விதிகள். எந்த கேமோடும் ஒட்டவைக்கலாம்.

மேனர் என்றால் மாளிகைதானே?

மாளிகை அதில் ஒரு மூலை. பிரபுவின் கூடம், மாதா கோயில், மாவு ஆலை, பிரபுவின் சொந்தப் பண்ணை நிலம், குடியானவர்களின் பட்டை பட்டையான நிலங்கள், வைக்கோல் புல்வெளி, பொது மேய்ச்சல், காடு, இதெல்லாம் சேர்ந்ததுதான் மேனர். பல ஊர்களில் சாகுபடி நிலம் மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகால பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மூன்றாவது தரிசு. மறுவருஷம் சுழலும்.

1086-இல் வில்லியம் மன்னர் எடுக்கவைத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பு ஒவ்வொரு ஊரிலும் என்ன எண்ணியது தெரியுமா? எத்தனை ஏர் (ஓர் ஏருக்கு எட்டு காளை), எத்தனை குடும்பம், ஆலை உண்டா, புல்வெளி எவ்வளவு, காட்டில் எத்தனை பன்றி மேயலாம். ஏறக்குறைய 6,000 ஆலைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. எங்கள் ஆட்டத்தில் ஊருக்கென்று கேரக்டர் ஷீட் (விவரத் தாள்) போடுவது அதே ஐந்து வரிகளில்தான். ஆறாவது வரி ஒன்று நான் சேர்த்தது. அது பின்னால் வருகிறது.

வருமானம் எங்கிருந்து வருகிறது? வரிதானே?

ஆட வருபவர்கள் எல்லோரும் "வரி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வரி அரசனுடையது. பிரபுவுக்கு வருவது வேறு வேறு வாய்க்கால்களில்.

முதலாவது சொந்தப் பண்ணையின் தானியம். அதில் உழைப்பவர்கள் வில்லைன் எனப்படும் கட்டுண்ட குடியானவர்கள். வாரத்தில் இத்தனை நாள் கூலியில்லாத வேலை, அறுவடையில் கூடுதல் நாள்கள் என்று ஊர் வழக்கம் வைத்திருக்கும். (நம் சினிமா வில்லனுக்கும் மூலம் இந்தச் சொல்தான். கிராமத்தான் என்பது எப்படியோ கெட்டவன் ஆகிவிட்டது.) இரண்டாவது குத்தகைப் பணம். மூன்றாவது கம்பளி, கைக்கு ரொக்கம் தருவது அது. நான்காவது ஆலை. கட்டுண்ட குடியானவர்கள் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கு ஆலைக்கு. ஐந்தாவது மேனர் நீதிமன்றம்: மாடு பயிரில் புகுந்தால் அபராதம், பெண்ணைக் கட்டிக்கொடுக்க அனுமதிக் கட்டணம், குடியானவர் இறந்தால் வீட்டின் சிறந்த மாடு பிரபுவுக்கு.

கடைசியாகச் சொன்னதற்கு ஹெரியட் என்று பெயர். புருஷனைப் புதைத்துவிட்டு வந்த விதவையின் தொழுவத்திலிருந்து ஒரே பசுவை ஓட்டிக்கொண்டு வருவது சட்டப்படி உங்கள் கேரக்டரின் உரிமை. எங்கள் ஆட்டத்தில் மிக அமைதியான பத்து நிமிடம் இந்த ஒரு பசுவால் வந்தது. டிராகன் வந்தபோதுகூட மேஜை அவ்வளவு அமைதியாக இல்லை.

கேமில் எவ்வளவு கணக்குப் பார்ப்பது? எக்செல் வேண்டுமா?

நான் போட்டேன். பதினேழு பத்தி, மாதாமாதம் தானியக் கையிருப்பு, கோழி முட்டை வரை. மூன்றாவது செஷனில் இரண்டு பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள், ஐந்தாவதில் ஆட்டமே நின்றுவிட்டது. கணக்கில் தப்பே இல்லை. அதனால் மேஜையில் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை, அதுதான் கோளாறு.

இப்போது விதி இது. எல்லாம் முழு பவுண்டில். (ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி. செலவு ஒரு பவுண்டுக்குக் கீழே என்றால் எழுதுவதே இல்லை.) ஒரு சாதாரண நைட்டின் மேனருக்கு வருஷ வருமானம் 20 பவுண்டு: தானியம் 8, கம்பளி 4, குத்தகை 5, ஆலையும் நீதிமன்றமும் 3. இருபது என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் வருஷம் 20 பவுண்டு நிலவருமானம் உள்ளவர் நைட் ஆகியே தீர வேண்டும் என்று மன்னர்கள் பலமுறை கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். செலவு 18: வீடும் வேலையாட்களும் 9, குதிரையும் ஆயுதமும் 4, மராமத்து 3, கோயிலும் மேலாளும் (நிலத்தைக் கொடுத்தவர்) விருந்தும் 2. மிச்சம் இரண்டே பவுண்டு.

இரண்டு பவுண்டை வைத்து என்ன செய்வது என்று கேட்காதீர்கள், ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நல்ல போர்க்குதிரை 10 பவுண்டும் அதற்கு மேலும். குதிரை செத்தால் ஐந்து வருஷச் சேமிப்பு போயிற்று. மன்னரின் படையில் நைட்டுக்கு ஒரு நாள் கூலி 2 ஷில்லிங், நாற்பது நாளுக்கு 4 பவுண்டு. திடீரென்று எல்லோரும் போருக்குப் போக ஆசைப்படுவார்கள்.

அறுவடைக்குப் பகடை எப்படி உருட்டுவது?

வருஷத்துக்கு ஒரு தடவை, ஆறு முகப் பகடை இரண்டு. தானியத்தின் 8 பவுண்டை மட்டும் அது தொடும்.

2 அல்லது 3 வந்தால் பஞ்சம், தானிய வருமானம் இல்லை, விதைக்கே தேட வேண்டும்.
4, 5 வந்தால் மோசம், 8-க்குப் பதில் 4.
6 முதல் 8 வரை வழக்கம்போல்.
9, 10 வந்தால் 11 பவுண்டு.
11, 12 வந்தால் அமோக விளைச்சல், ஆனால் ஊரெல்லாம் விளைந்திருப்பதால் விலை விழுந்துவிடும். கையில் அதே 8 பவுண்டு, ஆனால் குதிர் நிறைய தானியம். அடுத்த வருஷம் 2 முதல் 5 வரை எது வந்தாலும் அதை வைத்துச் சமாளிக்கலாம், எலி விட்டுவைத்தால்.

பஞ்சம் வர 36-இல் 3 வாய்ப்பு, அதாவது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒன்று. பத்து வருஷம் ஓடும் ஆட்டத்தில் அது வரலாம், வராமலும் போகலாம். அந்த நடுக்கம் போதும்.

விளைச்சல் அவ்வளவு கேவலமாகவா இருந்தது?

இருந்தது. விதைத்தது ஒன்று என்றால் மூன்று, நான்கு மடங்கு வந்தால் சாதாரணம். ஹென்லியின் வால்டர் என்பவர் 13-ஆம் நூற்றாண்டில் பண்ணை நடத்துவது பற்றி எழுதிய நூலில் கோதுமைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஏக்கருக்கு இரண்டு புஷல் (தானிய அளவு) விதைத்து மூன்று மடங்காக ஆறு புஷல் எடுத்தால், உழவு, விதை, களை, அறுப்பு எல்லாம் கழித்தபின் லாபமே இல்லை, தானியம் நல்ல விலைக்குப் போனால் ஒழிய. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம்மூரில் சொல்வதை அவர் பென்னி வரைக்கும் எழுதிவைத்திருக்கிறார்.

வருஷம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

மிக்கேல்மஸில், செப்டம்பர் 29. அறுவடை உள்ளே வந்துவிட்டது, அடுத்த விதைப்பு ஆரம்பிக்கப்போகிறது, கணக்கு மூடும் நாள் அது. கிறிஸ்துமஸ், மார்ச் 25, ஜூன் 24 ஆகியவையும் தவணை நாள்கள்தான். ஆனால் ஆட்டத்தில் மிக்கேல்மஸும் கிறிஸ்துமஸ் விருந்தும் போதும். நாலையும் நடத்தப்போனால் பழைய எக்செல் கதைதான்.

பண்ணையை நேரில் நடத்துவது யார்?

நைட் இல்லை. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பல மேனர்கள் உள்ள பெரிய பிரபுவுக்கு ஸ்டீவர்டு இருப்பார், ஊர் ஊராகப் போய் நீதிமன்றம் நடத்துவார். ஒரு மேனரில் சம்பளத்துக்கு பெய்லிஃப் இருப்பார், நம் மணியக்காரர் மாதிரி. வேலியையும் பயிரையும் காவல் காக்க ஹேவார்டு. இவர்கள் நடுவில் ரீவ்.

ரீவ் அதே ஊரின் குடியானவர். பல ஊர்களில் மிக்கேல்மஸில் ஊராரே தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருஷம் பிரபுவின் வேலையை ஊரிடம் வாங்கித் தர வேண்டியவர் அவர். கணக்கில் துண்டு விழுந்தால் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியவரும் அவர்தான். அதனால் சிலர் அபராதம் கட்டிவிட்டு இந்தப் பதவியிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். பாதி ஊருக்கு மாமா மச்சான், மீதி ஊருக்குப் பகையாளி, பிரபுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இதைவிட நல்ல துணைக் கேரக்டர் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

நான் செய்வது இதுதான்: பண்ணையின் எல்லாச் செய்தியும் ரீவ் வாயிலாகத்தான் வரும். நான் பகடையை மறைவாக உருட்டுவேன். ரீவ் வந்து, தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, "இந்த வருஷம் மழை சரியில்லை ஐயா, நாலு பவுண்டுதான்" என்பார். பகடையில் நிஜமாகவே 5 வந்ததா, அல்லது 9 வந்து ரீவ் ஏழு பவுண்டை அமுக்கிவிட்டாரா? கேரக்டர் கண்டுபிடிக்க வேண்டும். தன் குதிரிலேயே தன் கேரக்டர் ஒரு ராத்திரி ஒளிந்திருந்து மூட்டை எண்ணியதை எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேஜையில் வைக்க ஒரு சாமான்: கணக்குக் குச்சி. குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டு போட்டு, நீளவாக்கில் பிளந்து, ஆளுக்குப் பாதி. இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும், ஏமாற்ற முடியாது. இங்கிலாந்து அரசுக் கருவூலமே இதை 1826 வரை வைத்திருந்தது. 1834-இல் பழைய குச்சிகளை அடுப்பில் போட்டு எரிக்கப்போய் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. ஐஸ்கிரீம் குச்சியை வைத்துச் செய்யலாம், ஆனால் பிளக்கும்போது கை ஜாக்கிரதை.

ஒருவர் எல்லாவற்றையும் கசக்கிப் பிழிந்தால் என்ன செய்வது?

ஆறாவது வரி என்று சொன்னேனே, அதற்குப் பெயர் முணுமுணுப்பு. 0-இல் ஆரம்பம், உச்சம் 6. வழக்கத்தை மீறி எது செய்தாலும் ஒன்று ஏறும்: கூடுதல் வேலைநாள், அவசரப் பண வசூல், சொந்தப் பயிர் நனையும்போது பிரபு வயலுக்கு இழுப்பது. சட்டப்படி உரிமைதான் என்றாலும் அந்தப் பசுவுக்கும் ஒன்று ஏறும். இறங்குவதும் உண்டு: கிறிஸ்துமஸுக்கு வயிறார விருந்து, இடிந்த வீட்டுக்கு மரம், அறுவடை வேலைக்கு வந்தவர்களுக்குத் தண்ணீருக்குப் பதில் ஏல் பீர். மிக்கேல்மஸ் அன்று ஒரு பகடை. முணுமுணுப்புக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் ஏதோ நடக்கும்.

என்ன நடக்கும்? உடனே தீப்பந்தம் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். முதலில் வேலை மெதுவாகும். வேலி தானாக விழும். பிறகு யாராவது ஓடிப்போவார்கள். ஓடியவர் ஒரு பட்டணத்தில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் சுதந்திர மனிதர் என்பது பல பட்டணங்களின் வழக்கம். முந்நூற்று அறுபதாவது நாளில் அவர் எங்கே இருக்கிறார் என்று தகவல் கொடுத்துப் பாருங்கள், மேஜை இரண்டாகப் பிளக்கும்: பிடிக்கப்போகலாம் என்று பாதி, விட்டுவிடலாம் என்று பாதி.

கசப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தைப் பாருங்கள். 1330-களில் மடாதிபதி, ஊரார் வீட்டிலேயே மாவரைக்கக் கூடாது என்று கையால் சுற்றும் திருகைகளைப் பறித்து, மடத்தின் ஓர் அறைக்குத் தளமாகப் பதித்துவிட்டார். 1381 குடியானவர் கிளர்ச்சியில் ஊரார் உள்ளே புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, கோயில் பிரசாதம் போல ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். நடுவில் ஐம்பது வருஷம். தாத்தா கேரக்டர் ஏற்றிவைத்த முணுமுணுப்பைப் பேரன் கேரக்டருக்கு அப்படியே இறக்கிவிடும் விதி இதிலிருந்து எடுத்ததுதான்.

நைட் சாகசத்துக்குப் போய்விட்டால்?

மனைவி நடத்துவார். இதைப் பகடையில் ஒரு கூட்டல் எண்ணாக மட்டும் வைத்துவிடாதீர்கள், கேரக்டராகவே கொடுங்கள். நிஜத்தில் அப்படித்தான் இருந்தது. 1240 வாக்கில் லிங்கன் பிஷப் ராபர்ட் குரோஸ்டெஸ்ட் பண்ணையும் வீடும் நடத்தும் விதிகளை எழுதிக் கொடுத்தது ஒரு பெண்மணிக்கு, லிங்கன் கவுன்டஸுக்கு. எங்கள் காலத்துக்குப் பின்னால் என்றாலும், நார்ஃபக்கின் மார்கரெட் பாஸ்டன் 1448-இல் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. கிரெஷாம் என்ற மேனரின் மேல் இன்னொரு பிரபு உரிமை கொண்டாடி ஆட்களை நிறுத்தியிருந்த நேரம். குறுக்குவில்லும் அம்பும் அனுப்பச் சொல்கிறார், அதே கடிதத்தில் பாதாமும் சர்க்கரையும் வாங்கி அனுப்பச் சொல்கிறார். பண்ணை நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்று புதிதாக ஆட வருபவர் கேட்டால் நான் இந்தப் பட்டியலைத்தான் சொல்வேன்.

நாலு பேர் ஆடுகிறோம், ஒருவருக்கு மட்டும் நிலம். மற்றவர்கள்?

பெய்லிஃப், ஊர்ப் பாதிரியார், நிலம் உள்ளவரின் விதவைத் தாய், ஸ்குவயர் (நைட்டின் உதவியாள்). நிலம் ஒருவருடையது, ஆனால் அதைப் பற்றிய கருத்து நாலு பேருக்கும் இருக்கட்டும். ஆளுக்கொரு மேனர் கொடுப்பதும் சரிதான், பக்கத்துப் பக்கத்தில் கொடுத்து நடுவில் ஒரு ஓடையையும் ஒரே ஓர் ஆலையையும் வையுங்கள்.

பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் கொண்டுவரலாமா?

வருஷத்தைச் சரியாக எடுத்துக்கொண்டால் அவை தானாகவே வரும். 1315-இல் மழை நிற்கவே இல்லை. அறுவடை போயிற்று, 1316-இலும் போயிற்று, விதைக்கு வைத்ததைத் தின்றவர்கள் அதற்கடுத்த வருஷமும் தின்ன ஒன்றுமில்லாமல் நின்றார்கள். மூச்சு விடுவதற்குள் 1319-இல் மாட்டு நோய், ஏர் இழுத்த காளைகள் மடிந்தன. எங்கள் ஆட்டம் 1312-இல் ஆரம்பித்தது. வரலாறு தெரிந்த ஒருவர் மட்டும் வருஷா வருஷம் குதிரை வாங்காமல் குதிர் கட்டிக்கொண்டிருந்தார். கேரக்டருக்குத் தெரியாததை ஆடுபவர் பயன்படுத்தலாமா என்று சண்டை வந்தது. நான் விட்டுவிட்டேன். 1315-இல் குதிர் நிறைந்த ஒரே வீடு என்று ஆனதும் அவர் வாசலில் யார் யார் வந்து நின்றார்கள் என்பதே மூன்று செஷனுக்குப் போதுமானதாக இருந்தது.

1348 கறுப்புச் சாவுக்கு மட்டும் முன்கூட்டியே மேஜையில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மக்கள் செத்த நிகழ்வு அது. கோவிட் பார்த்த பிறகு எல்லோருக்கும் அது வேண்டியிருக்காது. ஆட ஒப்புக்கொண்டால், நோயைவிட அதற்கடுத்த வருஷங்களில் ஆட்டம் அதிகம்: வேலைக்கு ஆளில்லை, மிஞ்சியவர்கள் இரட்டைக் கூலி கேட்கிறார்கள், கூலியை ஏற்றக் கூடாது என்று 1351-இல் சட்டம் வருகிறது, பக்கத்து மேனர்காரர் ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் ஆட்களை அதிகக் கூலிக்கு இழுக்கிறார்.

நைட் செத்துவிட்டால்?

மூத்த மகன் வாரிசு. மேலாளுக்கு ஒரு தொகை கட்டி நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1215 மேக்னா கார்ட்டா (மன்னர் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனம்) ஒரு நைட்டின் முழு நிலத்துக்கு அதை அதிகபட்சம் 100 ஷில்லிங், அதாவது 5 பவுண்டு என்று வைத்தது. விதவைக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள் உரிமை. மகனுக்கு 21 ஆகவில்லை என்றால் நிலமும் பையனும் மேலாளின் பொறுப்பில் போய்விடும். அதுவரை வருமானம் அவருக்கு, பையனின் கல்யாணமும் அவர் கையில். சிலர் இந்தப் பொறுப்பையே விலைக்கு விற்றார்கள். சண்டையில் முன்னால் பாய்வதற்கு முன் ஆட்டக்காரர்கள் மகனின் வயதைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

கோட்டை கட்டலாமா?

இரண்டு பவுண்டு மிச்சத்திலா? அகழி வெட்டுங்கள், புறாக்கூண்டு கட்டுங்கள், மீன் குளம் தோண்டுங்கள். கொத்தளம் வைக்க மன்னரின் அனுமதிப் பத்திரம் வேறு வாங்குவார்கள்.

இதெல்லாம் ஒரு செஷனில் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

எங்களுக்கு வருஷத்துக்கு இருபது நிமிடம். அறுவடைப் பகடை, ரீவின் பேச்சு, முணுமுணுப்புப் பகடை, மிச்சப் பணத்தில் ஒரே ஒரு முடிவு. டீ வருவதற்குள் முடிந்துவிடும், ரீவ் பொய் சொல்கிறார் என்று யாருக்கும் சந்தேகம் வராத வருஷமாக இருந்தால்.